பதினேழு மணி நேர அண்ணன்

அண்ணா,

எதிர்வீட்டுச் செல்வியின் மகன் சிகாகோவுக்கு வேலைக்குப் போகிறான். காலையில் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசலில் நின்று கூவினாள். "அக்கா, நம்ம திருச்சி ஏர்போர்ட்லேருந்து பதினாலாயிரம் கிலோமீட்டராம். பதினேழே மணி நேரந்தானாம்!" எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. அந்தப் பதினேழு மணி நேரத்தை உன் வாயால் எத்தனை கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன்!

சாம்பார் வாளி உன் இலையைத் தாண்டிப் போனாலும் உனக்குக் கவலையில்லை. யாராவது "நீ இருக்கிற சிகாகோ எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டுவிட வேண்டும். "அம்மாவுக்கு ஒண்ணுன்னா பதினேழாவது மணி நேரம் வாசல்ல நிப்பேன் மாமா" என்பாய். ஏதோ சிகாகோவில் ஏறினால் நம் களத்துமேட்டில் இறக்கிவிடுகிற மாதிரி! நேராக வருகிற விமானமே கிடையாது. நடுவில் இரண்டு ஊரில் மாறிக் காத்துக் கிடக்க வேண்டும். திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர், மன்னார்குடி தாண்டித் திருத்துறைப்பூண்டி வர வேண்டும். இதெல்லாம் உன் பேச்சில் வராது.

அம்மா நம்பினாள். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, வாரம் தவறாமல் வந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட என்னிடமே, "அவன் ஏரோப்ளேன்ல பறந்து வந்துடுவாண்டி" என்று பெருமை பேசினாள்.

அம்மா போன விடியற்காலையில் உனக்குப் போன் போட்டது நான்தான். கொள்ளி வைக்க நீ ஒரே பிள்ளை. "எடுத்துடாதீங்க, பதினேழு மணி நேரத்துல வந்துடறேன்" என்றாய். நம் தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கிற வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். உன் வார்த்தையை நம்பி முழுத் தெருவும் பட்டினியாக உட்கார்ந்தது. மறுநாள் ஆயிற்று. அதற்கு மறுநாளும் ஆயிற்று. ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என் கை மரத்துப்போனது. பிள்ளைகள் பன்னைத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்தன. நாட்டாமை மாமா பொறுக்கமுடியாமல் கேட்டார்: "ஏம்மா, உங்கண்ணன் பிளேன்ல வர்றானா, வழியெல்லாம் நடவு நட்டுக்கிட்டு வர்றானா?"

ஒருவழியாக வந்து சேர்ந்தாய். ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஃப்ளைட் டைம் பதினேழுதான்..." என்று ஆரம்பித்தாய். அப்போதும் அதே கதை! "போதும், வாயை மூடிக்கிட்டுக் குளிச்சிட்டு வா" என்றேன். அதன்பிறகு உன்னோடு நான் சரியாகப் பேசவில்லை. வெட்கங்கெட்ட வாய்ச்சவடால் என்றுதான் ஊரெல்லாம் சொன்னேன். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்றமாட்டேன்.

போன மாசியில் நீயும் அந்தச் சிகாகோவிலேயே கண்ணை மூடிவிட்டாய். உன் மகள் போனில் தேம்பினாள். "அத்தை, நீங்க வர முடியுமா? அப்பாவ உங்களுக்காக வச்சிருக்கோம்." நான் உன்னைப்போல் புளுகவில்லை. எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். "காத்திருக்க வேணாம் கண்ணு. ஆக வேண்டியதப் பாருங்க."

"சரி அத்தை" என்றாள். அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று அவளிடம் புளுகுவதற்கு எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா, பாவி!