கிணத்துப் பங்கும் பாராளுமன்ற உபகுழுவும்

ஞாயிறு, மார்ச் 9

காலமை எட்டு மணிக்கே வெய்யில் கொளுத்துது. ஆராதனைக்குப் போகேல்லை. கொழும்பிலை ஒரு அமைச்சின்ரை கொள்கை அறிக்கை மேசையிலை கிடக்குது, நாளைக்குள்ளை தமிழாக்கிக் குடுக்க வேணுமாம். கோட்டிலை இருபத்தேழு வருசம் மொழிபெயர்ப்பு முதலியாரா நிண்டு ஓய்வெடுத்ததுக்கு இதுதான் சன்மானம்.

அறிக்கையின்ரை சாரம், எனக்கு விளங்கின மட்டிலை: வழக்குப் போட வசதியில்லாத ஆளுக்கு ஒரு நிதிக் கொம்பனி செலவழிக்கும். வெண்டால், வெண்டதிலை கொம்பனிக்கு ஒரு பங்கு. தோத்தால் கொம்பனியின்ரை பாடு. இதைச் சட்டமாக்கப் போகினமாம். பரீட்சார்த்தமா ஏற்கெனவே தொடங்கியாச்சு. தலைப்பு: "வறிய மக்களுக்கு நீதியின் படிக்கட்டு". அட்டையைத் திருப்பினாப் பிறகு வறிய மக்களைக் கண்ணிலை காணேல்லை.

அமைச்சு செய்யிறது சரியோ எண்டு விசாரிக்க ஒரு பாராளுமன்ற உபகுழு. 25ஆம் திகதி யாழ்ப்பாணம் வந்து சனத்திட்டைக் கேக்கினமாம். கேக்கிறது சனத்திட்டை, ஆனால் கதவைப் பூட்டிப்போட்டு. அண்டைக்கும் மொழிபெயர்ப்பு நான்தான். உள்ளுக்கை கண்டது கேட்டதை வெளியிலை சொல்லமாட்டன் எண்டு கையெழுத்தும் வேண்டிப்போட்டினம்.

செய்ய வேண்டியது:
கண்ணாடிக்குப் புது பிறேம்.
மீன்காரனுக்குச் சொல்ல, புதன் வேண்டாம்.
"நிதியளிப்பாளர்" எண்ட சொல் நாறுது, வேறை பார்க்க.

பின்னேரம் குழுச் செயலாளர் போன். முப்பது வயசு இருக்கும், கொழும்புத் தமிழ். "மேடம், உண்மையான ஆள் ஒண்டு வேணும். கேஸ் இருக்கிற ஏழை. லேடியா இருந்தா இன்னும் நல்லம்." சந்தையிலை கத்தரிக்காய் தெரிஞ்செடுக்கிற மாதிரி. பார்க்கிறன் எண்டன்.

புதன், மார்ச் 12

புத்தூருக்குப் போனன். பஸ்சிலை இருக்க இடமில்லை, நிண்டு நிண்டு நாரி முறிஞ்சு போச்சு.

மகேஸ்வரி எண்டு ஒரு மனுசி. கோட்டு விறாந்தையிலை போன மாசம் பழக்கம். என்னிலும் பத்து வயசு குறைவு, புருசன் இல்லை, வெங்காயத் தோட்டம். இனி ம. எண்டு எழுதுறன், கை உளையுது.

ம.வின்ரை வழக்கு இதுதான். தோட்டக் கிணறு மூண்டு வீட்டுப் பங்கு. காணி உறுதியிலை வடிவா எழுதிக் கிடக்கு, கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்காலும் எண்டு. ஆர் எண்டைக்கு இறைக்கிறதெண்ட முறை மட்டும் எழுத்திலை இல்லை. அது மூண்டு வீட்டுக்கும் பிறந்ததிலையிருந்து தெரியும். மற்ற இரண்டு பங்கும் இப்ப கனடாவிலை இருக்கிற ஒண்டுவிட்ட தமையன்ரை கையிலை. ஆள் விடுதி கட்டப் போறாராம், நீச்சல் குளத்தோடை. முழுக் கிணறும் வாய்க்காலும் தன்ரை எண்டு வழக்கு. செலவழிக்கிறது ஆர்? அந்தப் பரீட்சார்த்தக் கொம்பனி. கனடாக்காரன் எப்ப வறிய மக்களிலை சேர்ந்தவனெண்டு நான் மொழிபெயர்த்த அறிக்கையிலை இல்லை.

ம.வுக்கு லோயர் இல்லை. சட்ட உதவிக்கு எழுதிப்போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறா. கிணறு போனால் வெங்காயம் இல்லை. பிறகு அடுத்தவன்ரை தோட்டத்திலை கூலிக்குப் புல்லுப் புடுங்க வேண்டியதுதான்.

குழுவின்ரை கடிதத்தைக் காட்டினன். திகதியைப் பார்த்தா.

"அண்டைக்கு எனக்குக் கோட்டிலை வழக்குத் தவணையெல்லோ அக்கா."

"குழுவிலையிருந்து கோட்டுக்குக் கடிதம் போகும். நான் பார்க்கிறன்."

"அப்பிடிச் செய்யேலுமோ?"

"பாராளுமன்றமெல்லோ," எண்டன்.

தேத்தண்ணி தந்தா, பனங்கட்டியோடை. வீட்டை வந்து செயலாளருக்குச் சொன்னன். "லெட்டர் போட்டுருவம் மேடம், நோ ப்ராப்ளம்."

அமைச்சின்ரை ஆள் ம.வுக்கு முன்னாலை இருந்து முழிக்கப் போறதை நினைக்க இப்பவே வயிறு குளிருது.

திங்கள், மார்ச் 24

மண்டபம் பார்க்கப் போனன்.

உபகுழு கேட்டவை: குளிர்சாதனம். ஏழு பேருக்கு ஒடியல் கூழ், அதிலை இரண்டு நண்டில்லாமல். நாலு மணிக்குக் கோயில் பார்க்க வாகனம். வீட்டுக்குக் கொண்டுபோக மிளகாய்த்தூள், ஆளுக்கு ஒரு கிலோ.

கேக்காதது: சாட்சி இருக்க ஒரு கதிரை. நான்தான் சத்தம் போட்டு எடுப்பிச்சனான்.

கடிதம் போனதோ எண்டு செயலாளரைக் கேக்கேல்லை. கேட்டால் இல்லை எண்டு சொல்லிப்போடுவான்.

செவ்வாய், மார்ச் 25

ஒன்பதுக்கெண்டது பத்தரைக்குத் தொடங்கினது. ஏழு பேரிலை நாலு பேர் வந்தவை. கூழ் ஏழு பேருக்கும் வந்தது.

தலைவர் அரை மணித்தியாலம் யாழ்ப்பாணத்து விருந்தோம்பல் பற்றி. பிறகு அமைச்சு அதிகாரி சுவரிலை படம் போட்டுக் காட்டினார். தராசு, சூரிய உதயம், படிக்கட்டிலை ஏறுற சின்னப்பிள்ளை, வாயெல்லாம் சிரிப்பு. குடியியல் வழக்கிலை சிரிச்ச பிள்ளையை நான் இன்னும் காணேல்லை.

ம. உறுதியைப் பொலித்தீன் பையிலை சுத்திக்கொண்டு வந்தவ. கதிரையின்ரை நுனியிலை இருந்தா.

ஒரு உறுப்பினர், சிங்களத்திலை: "வேறை கிணறு ஒண்டு வெட்டினால் என்ன?" தமிழிலை சொன்னன், அந்த விசர்க்கதையின்ரை அழகு குறையாமல்.

ம.: "அடி முழுக்கக் கல்லு ஐயா. வெட்டினாலும் வாறது அதே தண்ணிதான். பேந்து அதுக்கும் வழக்குப் போடுவினம்."

தலைவர்: "நீர் இறைக்கும் முறைக்கு எழுத்து ஆதாரம்?"

ம.: "வெங்காயம் நிக்குது, வந்து பாருங்கோ. தண்ணியில்லாமல் நிக்குமோ?"

பிறகு ம. தானே அதிகாரியைப் பார்த்துக் கேட்டா. சாட்சி கேள்வி கேக்கக் கூடாதெண்டு ஆரும் சொல்லிவைக்கேல்லை, நான் சொல்லவுமில்லை. "அண்ணைக்குச் செலவழிக்கிற கொம்பனி எனக்கும் செலவழிக்குமோ?"

அதிகாரி இங்கிலீசிலை, பொறுமையா, பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிறது போல: முதலீடெண்டால் வருமானம் வேணும், நீங்கள் உங்களிட்டை இருக்கிறதைத்தான் காப்பாத்துறியள், அதிலை பங்கு பிரிக்கப் புதிசா ஒண்டும் வராது.

"அப்ப பறிக்க வாறவருக்குத்தான் உந்தப் படிக்கட்டு. வைச்சிருக்கிறவளுக்கு இல்லை. அதை உந்தப் புத்தகத்திலை எழுதிவிடுங்கோவன்."

சிங்களத்திலையும் சொன்னன், இங்கிலீசிலையும் சொன்னன், ஒரு சொல் விடாமல். அதிகாரி கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அறிக்கையைப் புரட்டினார். இருபத்தேழு வருசத்திலை இப்பிடிச் சந்தோசமா ஒரு வசனத்தை நான் மொழிபெயர்த்ததில்லை.

தலைவர்: "மிகவும் பெறுமதியான கருத்து." உடனை சாப்பாடு. ம.வை ஆரும் சாப்பிடக் கூப்பிடேல்லை. நான் கூப்பிட்டன். தோட்டத்திலை இறைப்பு இருக்கெண்டு போயிட்டா.

புதன், மார்ச் 26

வெக்கை. கண்ணாடிக் கடை பூட்டு.

ம. போன் எடுத்தவ. கடிதம் போகுமெண்டு நான் சொன்னதை நம்பினாலும், எதுக்கும் ஒரு ஆள் நிக்கட்டுமெண்டு பக்கத்துத் தோட்டத்துச் செல்லத்துரை அண்ணையைக் கோட்டுக்கு அனுப்பியிருக்கிறா. வழக்கைக் கூப்பிட, அண்ணை சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு எழும்பி நிண்டவராம்.

"நீர் ஆர்?"

"பக்கத்துத் தோட்டம் ஐயா."

"பிரதிவாதி எங்கை?"

"அவ பாராளுமன்றத்திலை நிக்கிறா ஐயா."

கோடு முழுக்கச் சிரிப்பு. கொம்பனியின்ரை லோயர் எழும்பி, "எந்தத் தொகுதி எண்டு கேட்டுச் சொல்லுங்கோ," எண்டாராம். இன்னும் சிரிப்பு. கடிதம் ஒண்டும் வந்திருக்கேல்லை. எதிராளி வரேல்லை எண்டு எழுதி, வழக்கு ஒருதலை விசாரணைக்கு. இனி ம. இல்லாமலே தீர்ப்பு.

"நீங்கள் பார்க்கிறன் எண்டனீங்கள்தானே அக்கா. தபாலிலை சுணங்கியிருக்கும் என்ன," எண்டா. ஓம், சுணங்கியிருக்கும் எண்டன்.

இங்கை எழுதலாம். இங்கை ஆரும் பார்க்கமாட்டினம். கடிதம் வந்திருந்தாலும் போதாது. தவணை மாத்திறதெண்டால் முன்கூட்டியே மனுப் போடவேணும், லோயர் மூலம். எத்தினை ஏழையள் அண்ணனை, மச்சானைக் கடிதத்தோடை அனுப்பி வழக்கை இழந்ததை நான் பக்கத்திலை நிண்டு பார்த்தனான். எனக்குத் தெரியாததில்லை. 25ஆம் திகதி ம. அந்தக் கதிரையிலை இருக்கவேணும் எண்டது எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

உந்த உபகுழுவை இரண்டு கிழமையா நாயிலும் கேவலமா எழுதிவைச்சிருக்கிறன். அவையாவது கூழ் குடிக்க வந்தவை. நான் என்னத்துக்குப் போனன்.

வெள்ளி, மார்ச் 28

செயலாளரோடை மூண்டு தரம் கதைச்சன். ம. அண்டைக்குக் குழுவிலைதான் இருந்தவ எண்டு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லி.

முதல் தரம்: மீற்றிங்.

இரண்டாம் தரம்: "கோர்ட் லெட்டர் டிராஃப்ட்ல இருக்கு மேடம், சேர்மன் சைன் வைக்கேல்ல."

மூண்டாம் தரம்: "அறிக்கை சபைக்குப் போற வரைக்கும் விட்னஸ் ஆரெண்டு சொல்ல ஏலாது. அவங்கட பாதுகாப்புக்குத்தான். நீங்களும் சைன் பண்ணியிருக்கீங்க, தெரியும்தானே?"

ம.வின்ரை பாதுகாப்பு. போனைக் கட்டிலிலை எறிஞ்சன்.

சீனி முடிஞ்சுது. கடையிலை வேண்டவேணும்.

திங்கள், மே 19

மழை எண்டு இருட்டிக்கொண்டு வந்து ஏமாத்திப்போட்டுது.

போன கிழமை ஒருதலைத் தீர்ப்பு ம.வின்ரை கைக்கு வந்தது. கிணறு தமையனுக்கு. அதை நீக்கச் சொல்லி மனுப் போட்டாச்சு. கோட்டிலை எனக்குக் கீழை எழுத்துப் பழகின ஒரு பெடிச்சி இப்ப லோயர், காசு வேண்டாமல் நிக்கிறாள். வராததுக்கு நியாயமான காரணம் காட்டவேணும். "சாட்சி ஆர் மிஸ்?" எண்டு கேட்டாள்.

இண்டைக்கு உபகுழுவின்ரை வரைவு அறிக்கை வந்தது, தமிழாக்க. முடிவு: வழக்கு நிதியளிப்பு வறியோருக்கு நன்மை பயக்கும் என்பதில் குழு திருப்தியடைகிறது. ம.வைத் தேடினன். கடைசிப் பின்னிணைப்பிலை ஒரு வரி: "ஒரு சாட்சி கிணற்று நீர் முகாமைத்துவம் தொடர்பாகக் கருத்துத் தெரிவித்தார். அது நீர்வழங்கலுக்குப் பொறுப்பான அமைச்சுக்கு அனுப்பிவைக்கப்படும்."

அதையும் நான்தான் நல்ல தமிழிலை எழுதவேணுமாம். எழுதேல்லை. கட்டைத் திருப்பி அனுப்பிப்போட்டன், ஒரு சொல்லும் எழுதாமல். பெடிச்சிக்குப் போன் எடுத்து, சாட்சி நான் எண்டன்.

புதன், ஜூன் 18

சோளகக் காத்து. கோட்டு வாசலிலை ஒரே புழுதி.

கூண்டிலை ஏறினன். இவ்வளவு காலமும் கூண்டுக்குப் பக்கத்திலை நிண்டனான், உள்ளுக்கை நிண்டதில்லை. பைபிள் தந்தினம். சத்தியம் பண்ணேக்கை குரல் எனக்கே பிடிக்கேல்லை.

ம. அண்டைக்கு எங்கை இருந்தவ, எத்தினை மணிக்கு வந்தவ, எல்லாம் சொன்னன். கையெழுத்து வைச்ச ரகசியம் அதோடை போச்சு. கொம்பனியின்ரை லோயர் எழும்பினார். தொகுதி கேட்டுச் சிரிச்ச அதே ஆள்.

"இருபத்தேழு வருசம் இந்தக் கோட்டிலை வேலை செய்தனீங்கள்?"

"ஓம்."

"கடிதத்தாலை தவணை மாத்தேலாதெண்டு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பிரதிவாதியிட்டைச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை."

"ஏன்?"

பொய் ஒண்டு கைவசம் இருந்தது, மறந்துபோனன் எண்டு. அதைச் சொல்லியிருந்தால் மனுவும் நிண்டிருக்கும், என்ரை மானமும் நிண்டிருக்கும். "ஒரு பெரிய அதிகாரி முழிக்கிறதைப் பார்க்க ஆசைப்பட்டனான்," எண்டன். நீதிபதி எழுதிறதை நிப்பாட்டிப்போட்டு நிமிந்து பார்த்தார். பிறகு எழுதினார்.

பன்னிரண்டு மணிக்குக் கட்டளை. பிரதிவாதியிலை பிழையில்லை, தவறாக வழிநடத்தப்பட்டிருக்கிறார். ஒருதலைத் தீர்ப்பு நீக்கம். வழக்கு முதலிலையிருந்து. கிணறு இப்போதைக்குத் தப்பினது. பெடிச்சிக்குச் சந்தோசம், கையைப் பிடிச்சுக் குலுக்கினாள்.

ம. விறாந்தையிலை நிண்டவ. கிட்டப் போனன்.

"அண்டைக்கே தெரியுமோ அக்கா? தேத்தண்ணி குடிச்ச அண்டைக்கு?"

"ஓம்."

உறுதியை மடிச்சுப் பையுக்குள்ளை வைச்சா.

"நான் பாராளுமன்றம் எண்டு வரேல்லை," எண்டா. "நீங்கள் கேட்டபடியாலை வந்தனான்."

பஸ் வந்தது, ஏறிப் போயிட்டா.