நான்காம் நாளே கறுத்த ஆயில்

ஓசூர்,
4.11.2007

அன்புள்ள சக்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒருநாள்தான் லீவு, கம்பெனியில் ஆர்டர் நெருக்கடியாம். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் முறுக்குக்கு மாவு அரைத்துக் கொடுத்துவிட்டுப் போய் மூன்று நாளாகிறது, சுட மனசு வரவில்லை. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை என்பது மீதிப் பாதி.

மெக்கானிக் திம்மராயன் நம் காரில் ஆயிலை மாற்றாமலே மாற்றினேன் என்று ஏமாற்றிவிட்டான் என்று ஆகஸ்டில் உன்னிடம் சொன்னேன். அது தவறு. அவன் ஏமாற்றவில்லை. உன்கூடப் பத்தாவது வரை படித்தவன், காரை அவனிடமே விடு என்று நீ சொன்னதிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நண்பன் என்பதால் நீ கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறாய் என்று. கார் புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று போட்டிருக்கிறது. இவன் ஏழாயிரத்து ஐந்நூறிலேயே மாற்றிவிடலாம் என்றான். தினமும் கிருஷ்ணகிரி கல்லூரிக்குப் போய்வருகிறீர்கள், சூளகிரி பக்கம் ஜல்லி லாரிப் புழுதி, பெங்களூர் போனால் அத்திப்பள்ளி நெரிசலில் மணிக்கணக்காக இன்ஜின் ஓடியபடியே வண்டி நிற்கிறது, அதற்கெல்லாம் புத்தகத்திலேயே முன்கூட்டி மாற்றச் சொல்லியிருக்கிறது என்றான். அந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கல்லூரி வேன்களுக்கு நீ ஊற்றும் ஆயிலையே ஊற்றேன் என்றதற்கு, இது டர்போ வைத்த புது மாதிரி டீசல் இன்ஜின்மா, பழைய வேன் ஆயில் தாங்காது, எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை, புத்தகத்தில் இருக்கிற கிரேடு நம்பர்தான் முக்கியம் என்றான். விலை கூடுதலாக இருந்ததால் கமிஷனுக்காகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் அவன் மாற்றிய நான்காம் நாள் ஆயில் அளக்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தேன், கன்னங்கரேலென்று இருந்தது. அவ்வளவுதான், எனக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். உப்புப் பகுப்பாய்வில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, உறுதிச் சோதனை செய்யாமல் முடிவு எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் பாதி மதிப்பெண்கூடப் போடமாட்டேன், உனக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாளாளர் ஐந்து வேன்களின் வேலையையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டார். அந்த வேன்களை நம்பித்தான் அவன் ஷெட்டே ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், பழைய ஆயில் சொட்டச் சொட்ட வடிகிற வரை பக்கத்தில் நின்று, சீல் உடைப்பதையும் ஊற்றுவதையும் கண்ணால் பார்த்தேன். திம்மராயன் ஊற்றிய அதே நம்பர். நான்காம் நாள் கம்பியை உருவினால் அதே கறுப்பு. திரும்பிப் போய்க் கேட்டேன். தர்ஷினி என்று ஒரு சின்னப் பெண் அங்கே இன்ஜினியர், அவள் சிரித்தாள். டீசல் எரியும்போது வருகிற கரியை ஆயில் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது மேடம், கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், நிறத்தைப் பார்த்து மாற்றுவதென்றால் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டியதுதான் என்றாள்.

அன்றைக்கே நான் அவன் ஷெட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது, தானாக மறந்துபோகும் என்று இருந்தேன், இதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று பொரி கடலை கொண்டுவந்து கொடுப்பான், இந்த வருஷம் வரவில்லை. அப்பா மட்டும், என்ன திம்மராயனைக் காணோம் என்று இரண்டு தடவை கேட்டார். அப்பாவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

போன திங்கட்கிழமை, முன்பு சொன்ன அதே ஸ்டாஃப் ரூமில், அதே ஆட்கள் இருக்கும்போது, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். தாளாளரிடமும் சொன்னேன். இந்த வருஷத்துக்கு வேறு ஆளிடம் கொடுத்தாகிவிட்டது, ஜூனில் பார்க்கலாம் என்றார். பிறகு ஷெட்டுக்குப் போனேன். காலையில் மட்டும்தான் திறக்கிறான், மதியத்துக்கு மேல் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறானாம். மன்னிப்புக் கேட்டேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்றான், கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த சர்வீஸுக்கு இங்கேயே கொண்டுவருகிறேன் என்றதற்கு, வேண்டாம்மா, கம்பெனியிலேயே பாத்துக்குங்க என்றான். நான் எழுந்தபோதுதான் அதைக் கேட்டான்.

“சக்தியும் நம்பிட்டானாம்மா?”

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இன்னொரு பொய் வேண்டாம் என்று, நான் சொன்னதால் நம்பினான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

அம்மா சரிபார்க்காமல் எதையும் சொல்லமாட்டாள் என்று நீ நம்பியதுதான் காரணம், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆகஸ்டுக்குப் பிறகு நீ அவனை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை, அவனும் அதை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், என் பங்கை நான் கேட்டுவிட்டேன். உன் பங்குக்கு நீ பேசு. அவன் எடுக்காவிட்டாலும் மறுபடி கூப்பிடு.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷெட்டும் இல்லை, கம்பெனியும் இல்லை. நீ காலையில் எழுந்ததும் கூப்பிட்டால் இங்கே மதியமாக இருக்கும், வீட்டில்தான் இருப்பான். நம்பர் மாறவில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா
தங்கமணி