கஞ்சியில் இல்லாத வாடை

ஐப்பசி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை.

ஏலக்காய்க் கடையில் அரை நாள் லீவு கேட்டேன். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. என் மூக்கு இல்லாமல் தரம் பார்க்க ஆளில்லையாம். நியாயம்தான். முகர்ந்தே எந்தச் சரிவில் விளைந்த காய் என்று சொல்வேன், பறித்தவள் பெயர் உட்பட.

என் வீட்டுக்காரி பாண்டியம்மாளுக்கு ராத்திரிச் சாப்பாடு இனி என் சமையல். அவள் வயிற்றுக் கட்டிக்கு அடுத்த ஊசி போட உடம்பில் தெம்பு வேண்டும் என்கிறார் மதுரை டாக்டர். திங்கட்கிழமை எடை பார்ப்பார். குறைந்திருந்தால் ஊசி இல்லை.

வைத்தது: குறுணைக் கஞ்சி, பூண்டு, சீரகம், சுட்ட அப்பளம். அந்தக் கஞ்சிக்காக மூன்று மன்னர்கள் படையெடுத்து வந்திருப்பார்கள். கட்டில் பக்கம் போனதுமே அவளுக்குக் குமட்டல்.

"பூண்டு ஆகல போலங்க."

7, புதன்

பூண்டு நீக்கம். குமட்டல். "சீரகமா இருக்கும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

8, வியாழன்

சீரகம் நாடு கடத்தப்பட்டது. அப்பளம் ராஜினாமா. அரிசி, தண்ணீர், உப்பு. நானே ஊட்டப் போனேன். வாயைப் பொத்திச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். கழுத்தெலும்பு எப்போது இவ்வளவு வெளியே வந்தது?

பக்கத்து வீட்டிலிருந்து அண்ணன் மகள் கனி வந்தாள். "அடுத்து என்ன சித்தப்பா, உப்பையும் எடுத்துருவீகளா?"

"அப்புறம் பானைதான் மிச்சம். அதையும் எடுத்துட்டா யாரும் கொறை சொல்ல முடியாது."

கனி சிரித்தாள். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை.

9, வெள்ளி

மழை விட்டது. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சன்னல் வழியே கனியின் குரல்.

"சொல்லிர வேண்டியதுதான சித்தி? தெனமும் கஞ்சிய மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு இருக்காக."

"வாய மூடுடி. கஞ்சி என்ன செஞ்சுச்சு? அவுக கிட்ட வந்தாலே ஏலக்கா வாடை, கொடலப் பொரட்டுது. முப்பது வருசமா அந்த வாசத்தக் கட்டிக்கிட்டுப் படுத்தவ நான். இப்பப் போயி அத எப்படிச் சொல்லுவேன்? மனுசன் செத்துருவாரு."

சாகவில்லை. சத்தம் போடாமல் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். இரண்டு கையையும் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மலையையே தரம் பிரிக்கிற மூக்கு.

10, சனி

முதலாளியிடம் இனி வரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். கணக்கை முடிக்கச் சொன்னேன்.

தேய்த்துக் குளித்தது: சீயக்காய், புளி, சாம்பல், வேப்பிலை, எலுமிச்சை ஆறு. ஒரு தோல் போய் இரண்டாம் தோலில் நின்றேன். கனியை முகர்ந்து பார்க்கச் சொன்னேன்.

"எலுமிச்சம்பழத்துல ஏலக்கா லட்டு புடிச்ச மாதிரி மணக்குறீக சித்தப்பா." சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

சமையல் நான், கொண்டுபோனது கனி. நான் கொல்லைப்புறம், துவைக்கிற கல்லில். கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் சத்தத்தை எண்ணினேன். ஏழு. ஏழு கரண்டி!

"ஒங்க சித்தப்பா எங்க?"

"ஏதோ சோலியாப் போயிருக்காக."

"பொய் சொல்லாத. இருமுறது கேக்குது." அப்புறம், "அங்கயே இருக்கச் சொல்லு" என்றாள். குரல் உடைந்திருந்தது.

11, ஞாயிறு

எட்டு கரண்டி. தேவாரம் ஊர்ப்பக்கம் யானை என்னிடம் வழி கேட்ட கதையைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

"நீங்க சொன்ன வழியில போயிருந்தா இந்நேரம் அது கேரளாவுல நிக்கும்" என்று அந்தப் பக்கமிருந்து பதில்.

12, திங்கள்

மதுரை. ரயிலில் அவளும் கனியும் ஒரு சீட்டில், நான் மூன்று வரிசை தள்ளி. எடை குறையவில்லை. ஊசி உண்டு என்று மனதுக்குள் மேளம் கொட்டினேன். டாக்டர் எடையைப் பார்க்கவில்லை, புதிதாக எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்தார். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனி ஊசி வேண்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குப் பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க."

வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"புடிச்சதச் சாப்பிடலாமாம்."

என் முகத்தையே பார்த்தாள். ஆயுசு பூராவும் அவிழ்த்துவிட்ட புளுகில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"அப்ப கருவாட்டுக் கொழம்பு வைங்க" என்றாள். "ஒறப்பா."

வீட்டுக்கு வந்ததும் வைத்தேன். கனி தட்டை வாங்க வந்தாள். உள்ளேயிருந்து சத்தம்: "அவுகளையே கொண்டாரச் சொல்லு."

போனேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கட்டிலைத் தட்டினாள். உட்கார்ந்தேன். முந்தானையை இறக்கி இறக்கி ஐந்து வாய் சாப்பிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தட்டை அவளே என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க."

ஊற்றினேன்.