யாரும் 'போ' என்று சொல்லவில்லை

இன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காதுவலி என்று நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினேன். அந்த வாசனை வந்ததும் உங்கள் நினைப்புதான். கரண்டியை அவள் தாயிடம் கொடுத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய்தான். எழுந்து எழுந்து வாசலுக்குப் போய்வருகிறேன்.

முக்கூடலுக்குக் கீழே பாலத்தின் தூண் நிற்க ஆற்றுக்குள் கிணறு இறக்கினார்கள். அதன் செங்கல் வளையத்தின் அடியில் மூழ்கி மணலை அள்ள, முத்துக்குளித்த ஆள் என்று கண்டிராக்டர் உங்களைக் கடற்கரையிலிருந்து கூட்டி வந்தார். மூழ்கப் போகிறவரிடம் 'போ' என்று சொல்லக் கூடாது, 'வந்துரு' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது உங்கள் பக்கத்து வழக்கம். உங்களைக் கட்டிக்கொண்ட புதிதில், மிஷன் பள்ளியில் படித்த நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். "சிரிக்காத பிள்ள, வந்துருன்னு சொல்லு" என்றீர்கள். பாலத்து வேலை மேஸ்திரியும் உங்களிடம் அதைக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் ஆற்றில் புதுவெள்ளம். கிணறு சாய்ந்திருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றீர்கள். மேஸ்திரி கயிற்றை நீட்டி, "பைய எறங்கி வந்துருங்க அண்ணாச்சி. கண்டிராக்டரு பாக்க வாராரு" என்றார். வளையம் சரிந்து உங்கள் இடுப்பை அழுத்தியது. தூக்கியபோது இரண்டு காதிலும் ரத்தம். பிறகு நீங்கள் நடக்கவே இல்லை. கத்திச் சொன்னால்தான் காது கேட்டது. தினமும் இதே பூண்டெண்ணெயைத்தான் உங்கள் காதில் விட்டேன்.

கண்டிராக்டர் கைகழுவிவிட்டார். வேலை வாங்கியவர்தான் இதற்குப் பொறுப்பு என்று ஒரு நீதிபதி வாயால் கேட்க வேண்டும் என்று நான்தான் உங்களை முன்சீப் கோர்ட்டுக்குத் தூக்கிப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல், "உன்னைத் தண்ணீருக்குள் போகச் சொன்னது யார்?" என்றார். குமாஸ்தா அதை உங்கள் காதில் கத்தினார்.

"யாரும் போன்னு சொல்லல ஐயா. அப்படிச் சொல்ல மாட்டாவ. வந்துருன்னுதான் சொன்னாவ."

வக்கீல் அதோடு உட்கார்ந்துவிட்டார். யாரும் ஏவாமல் தானாக இறங்கியவர் என்று தீர்ப்பானது.

வண்டியில் வரும்போது கத்தினேன், வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போன்னு சொன்னாருன்னு சொன்னா என்ன கொறஞ்சா போவும்?"

"சொல்லாதத எப்படிப் பிள்ள சொல்ல? நான் திரும்பி வரணும்னுதான அவரு சொன்னாரு."

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அடுப்படியில் நின்று அந்த முன்சீப்போடு வழக்காடுகிறேன். வந்துரு என்றால் முதலில் போக வேண்டாமா ஐயா?

போன வாரம் அதே மேஸ்திரி வந்தார். அணைக்கட்டு மதகில் மூழ்கி அடைப்பெடுக்க நம் மகன் வேண்டுமாம். "காலையில வந்துரு தம்பி" என்றார். நான் வாசலை மறித்தேன்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி. தண்ணிக்குள்ள போன்னு சொல்லுங்க. தெருவுல நிக்கவங்க எல்லாரும் கேக்கட்டும்."

"அந்தச் சொல்ல எப்படிம்மா என் வாயால சொல்ல?"

"அப்ப இவன் வரமாட்டான்."

அவர் திரும்பிப் போய்விட்டார். கையில் வந்த பிழைப்பைக் கெடுத்தேன் என்று மகனுக்கு என்மேல் கோபம். மறுநாள் அம்பாசமுத்திரத்துக்கு வேலை தேடிக் கிளம்பினான். முகம்கொடுத்துப் பேசாமல் படியிறங்கியவனிடம், "வந்துருலே" என்றேன். கோர்ட்டில் நம்மைக் கவிழ்த்த அதே சொல். பிள்ளையை அனுப்ப எனக்கு வேறு சொல் தெரியவில்லை.