புத்தகத்தை எறிந்துவிட்டு மட்டையை வைத்திருந்தேன்

தம்பி,

பிள்ளைகளின் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் என்ஜினியர் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டான். சின்னவன் பள்ளிக்கூட நீச்சலில் முதலாவது. பேத்தி மதுரா இப்போது ஹமில்டனில் பார்மசிஸ்ட். அதோடு உன்னைப் போலவே பிஸ்டல் கிளப்பில் சேர்ந்து, இந்த வருஷம் கோப்பையும் வாங்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் எழுதும்போது எழுத்து தானாகப் பெரிதாகிறது.

இனி வருவதைச் சின்னதாகத்தான் எழுத முடியும்.

சாமியறையில் உன் படத்துக்குப் பக்கத்தில் இன்று ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. உன் கையெழுத்தில் எண்கள் எழுதிய மட்டையை, அந்தச் சின்னக் காகித அட்டையை, பிளாஸ்டிக் உறை போட்டு அங்கேதான் வைத்திருந்தேன். பூ வைக்கப் போகும்போதெல்லாம் கண் அங்கே போய்த் திரும்புகிறது.

ஈஸ்ட் டாமாக்கி வேலையால் வந்து, கராஜில் இருந்து தோட்டா நிரப்புவாய். வெடித்த தோட்டாக் கோதுகளைத் துடைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அமத்துவாய். அதற்கு முன்னர், மருந்துக் கம்பனிக்காரர் அச்சடித்த தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குசினியில் நிற்கிற என்னைக் கூப்பிடுவாய். "அக்கா, நான் வாசிக்கிறன், நீ திருப்பிச் சொல்லு." முதலில் மருந்தின் பெயர், பிறகு குண்டின் நிறை, கடைசியாக அளவு. அந்த இங்கிலீஷ் பெயர்களை நான் படுத்திய பாடு.

"வெள்ளைக்காரன் கேட்டால் அழுவான். எண்டாலும் நம்பர் சரி," என்று சிரிப்பாய்.

கிளப்பில் ஒருவர் தன்னுடைய அளவைத் தந்தபோது அதை நீ எடுக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "அது அவன்ர துவக்குக்கு, அவன்ர மருந்துக்கு. புத்தகக்காரன் சோதிச்சுப் பாத்து அச்சடிச்சிருக்கிறான், அக்கா."

நீ போன முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சனம் வரும் என்று கராஜை ஒதுக்கினேன். துவக்கையும் மருந்து டின்களையும் கிளப்காரர் முறைப்படி முதலே கொண்டுபோயிருந்தார்கள். அட்டை கிழிந்த புத்தகத்தை ரீசைக்கிள் தொட்டியில் போட்டேன். ஒரு பக்கத்தில் கிளிப் போட்டு நீ செருகியிருந்த மட்டையை மட்டும் கழற்றி எடுத்தேன். அச்சுப் புத்தகம் கடையில் கிடைக்கும், உன் கையெழுத்து எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன்.

போன மாதம் மதுரா பாபடோயிட்டோய்க்கு, நம் வீட்டுக்கு வந்தாள். தானே தோட்டா நிரப்பத் தொடங்கப் போகிறாளாம். இன்டர்நெட்டில் ஆளுக்கோர் அளவு சொல்கிறார்கள், எதை நம்புவது என்றாள். நான் பெருமையாக மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதைப் போனில் படம் எடுத்துவிட்டு, தான் வாங்கிய டின்னின் படத்தைக் காட்டினாள். "அம்மம்மா, குட்டி மாமா யூஸ் பண்ணின பவுடர் இதுவா?"

உன் கராஜ் அலுமாரித் தட்டில் வேறு வேறு டின்கள் இருந்தன. எது எதற்கென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று பேத்திக்குச் சொல்ல வாய் வரவில்லை, தம்பி. "ஓம் பிள்ளை, இதேதான்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை உறையைத் துடைக்கும்போது மட்டையின் மேல் ஓரத்தில் கிளிப்பின் துரு தெரிந்தது. மருந்தின் பெயர் நீ கிளிப் போட்ட பக்கத்தில் இருந்திருக்கிறது. அதனால்தான் மட்டையில் நீ எண்களை மட்டும் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை எறிந்தவள் நான். உடனே மதுராவுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அந்த டின் எது எண்டு எனக்குத் தெரியாது."

"வாட்? இதேதான் எண்டு சொன்னீங்களே."

"தெரியாமல் சொன்னனான்."

"அம்மம்மா, நான் கொஞ்சம் செய்து வச்சிட்டன். சனிக்கிழமை சுடுற ரேஞ்சுக்குக் கொண்டுபோக இருந்தன்."

"சுடாதை பிள்ளை, ஒண்டையும் கொண்டுபோகாதை," என்றேன். பார்மசியில் ஒவ்வொரு குளிசையையும் இரண்டு தரம் பார்த்துக் கொடுக்கிறவள், என் சொல்லை மட்டும் சரிபார்க்கவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக.

அடுத்த ஞாயிறு கம்பனிக்காரரின் புதுப் புத்தகத்தோடு வந்தாள். அந்த டின்னுக்கு இதற்கு மேல் போடக்கூடாது என்று அச்சடித்திருந்த அளவைவிட மட்டையில் இருந்த அளவு கூடுதல். சுட்டிருந்தால் துவக்கே வெடித்து அவள் கை போயிருக்கும். சுத்தியல் போன்ற ஒன்றுக்குள் தோட்டாவை வைத்துத் தட்டித் தட்டி, குண்டு வேறு மருந்து வேறாகக் கழற்றினாள். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. எல்லாம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, "நான் வாசிக்கிறன், நீங்க திருப்பிச் சொல்லுங்கோ," என்றாள். சின்னதில் கராஜ் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள் போல. முதலில் மருந்தின் பெயர். ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொன்னேன்.

மட்டையை எறிய மனமில்லை. உன் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அந்த இடத்தில் வைக்க, கோப்பையோடு அவளுடைய புதுப் படம் ஒன்று கேட்டிருக்கிறேன்.

"வாட்ஸ்அப்பில அனுப்புறன், அம்மம்மா."

"வேண்டாம் பிள்ளை. காகிதத்தில அடிச்சுத் தபாலில போடு. ஆர், எங்க, எப்ப எண்டு பின்னால எழுதிப் போடு."