பெட்டியில் வைக்காத மீசைக்காரர்

என் ரமோன் அண்ணனுக்கு,

தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் இனி என்ன? மெக்சிகோவில் உங்களைப் புதைத்தாகிவிட்டது. இங்கே வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் பராமரிப்பு ஷட்டவுன் முடிந்து பிளான்ட் ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் பிரித்துப் போட்டிருந்த வால்வை வேறொருவர் பூட்டினார். லீக் இல்லை.

நெஞ்சு வலித்தால் சொல்ல வேண்டியதுதானே? வாயுத்தொல்லை என்று என் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் ஏணியில் ஏறினீர்களே! அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இங்கே ஒருவர் செத்தால் அவர் சாமான்களைப் பெட்டி கட்டுவது கூட இருந்தவர்கள் வேலை. உங்கள் பெட்டியைக் கட்டியது நானும் சகாயமும். மீன்குழம்பு ஊற்றி உங்களை எங்கள் ரூமுக்கே இழுத்துவைத்த குளச்சல்காரன் சகாயம். சட்டைகளை மடித்தோம், உங்கள் மகள் அனுப்பிய ஸ்வெட்டரை வைத்தோம். கடைசியில் ஜன்னலில் அந்த மீசைக்காரர் மட்டும் நின்றார். ஒரு சாண் உயரப் பிளாஸ்டர் சிலை. நூறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் மலையில் திரிந்த கொள்ளைக்காரர். காலையில் நீங்கள் குடிப்பதற்கு முன் அவருக்குத்தான் காபி.

"லேய், கள்ளனுக்குக் காப்பி குடுக்க ஊரு உண்டா?" என்று சகாயம் கேட்டதை முதல் நாள் நான்தான் உங்களுக்கு இங்கிலீஷில் சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. பஞ்சத்தில் பண்ணையார் கிடங்கை உடைத்து உங்கள் ஊருக்குச் சோளம் கொடுத்தவர், பிறகு அரசாங்கம் அவரை மரத்தில் தொங்கவிட்டது என்றீர்கள். "அந்தச் சோளம் இல்லேன்னா நான் இல்ல, தம்பி."

"அப்ப சரி. நம்ம பக்கமும் வெட்டுப்பட்டுச் செத்தவனெல்லாம் சாமிதாம்லா," என்றான் சகாயம்.

எனக்கு அது போதவில்லை. நல்லவரா, கெட்டவரா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து பாஸ், ரிஜெக்ட் என்று எழுதுகிறவன் நான். நீங்கள் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டீர்கள்.

பெட்டி கட்டும்போது உங்கள் தம்பி போன் செய்தார். சிலையை அண்ணனோடு அனுப்பு, குழியில் அவர் கையில் வைக்க வேண்டும் என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி வீடியோவில் வந்தார். அவர் பேசியதை மகள் இங்கிலீஷில் சொன்னாள். அண்ணி அழவில்லை.

"அந்த முகம் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"அண்ணன் ஆசையா வச்சிருந்தது. ஏன் வேண்டாம்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அண்ணி நிறையப் பேசினார். மகள் அதைச் சொன்னாள். அந்தச் சோளத்தை மலையேற்றக் கழுதை தேடி மீசைக்காரர் பக்கத்து ஊருக்கு, அண்ணியின் ஊருக்கு, வந்திருக்கிறார். அண்ணியின் பூட்டன் தரமாட்டேன் என்றிருக்கிறார். அந்தக் கழுதைதான் வீட்டுக்கே சோறு. மீசைக்காரர் அவரை வாசலில் வைத்தே சுட்டுவிட்டார்.

"அவங்க ஊர் தின்ன சோளம் எங்க கழுதை முதுகுலதான் போச்சு," என்றார் அண்ணி.

இது உங்களுக்குத் தெரியும்தானே? தெரிந்துதான் கட்டிக்கொண்டீர்களா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இதைப் பேசிக்கொண்டீர்களா, பேசாமலேயே இருந்தீர்களா? அங்கே இடமில்லை என்றுதான் அந்த ஆளை இந்தப் பாலைவனம் வரைக்கும் தூக்கி வந்தீர்களா?

கம்பெனி ஆள் வாசலில் நின்று "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார்.

"பெட்டியத் தொறக்கப் போறது அண்ணிதான் மக்கா," என்றான் சகாயம். "அதுக்கு மேல நீ என்ன யோசிக்கே?"

சிலையை எடுத்து என் கட்டிலில் போட்டேன். பெட்டியைப் பூட்டினேன்.

உங்கள் தம்பியிடம் மறைக்கவில்லை. வைக்கவில்லை, என்னிடம்தான் இருக்கிறது என்றேன். "அதை முடிவு பண்ண நீ யாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீங்கள் வெறுங்கையோடு போனீர்கள். அன்றிலிருந்து அவர் என் போனை எடுப்பதில்லை.

போன வாரம் மகள் பேசினாள். அந்த இந்தியன் எங்கள் சாமியைத் திருடிவிட்டான் என்று உங்கள் தம்பி ஊரெல்லாம் சொல்கிறாராம். அண்ணி எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாராம். எனக்கு இரண்டுமே கூசுகிறது அண்ணே. நான் அதைத் திருடவில்லை, அந்த மெழுகுவர்த்திக்குத் தகுந்தவனும் இல்லை. ஆனால் கடலுக்கு இந்தப்புறம் உட்கார்ந்து யாருக்கு நான் விளக்கம் சொல்ல முடியும்?

சிலை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. காபி வைப்பதில்லை. வாசலில் ஒரு மனுஷனைச் சுட்டவருக்கு வைக்க எனக்கு மனசில்லை. குப்பையில் போடவும் கை போகவில்லை. உங்களைப் பிழைக்க வைத்த சோளத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஒன்று மட்டும் சத்தியமாய்ச் சொல்கிறேன். ருவைஸை விட்டு எங்கே போனாலும் இது என்னோடு வரும். யாரையும் இதைக் கும்பிட விடமாட்டேன், இதன் மேல் துப்பவும் விடமாட்டேன். அண்ணி ஒருநாள் உடைத்துவிடு என்றால் உடைப்பேன். உடைத்துவிட்டேன் என்று உங்கள் தம்பிக்கும் நானேதான் சொல்வேன், அவர் போனை எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
ஆன்டோ