எட்டு லிங்கத்தின் பெயரில் எட்டு சர்வர்

மணி ஐந்தேகால். கீழே மெஸ்ஸில் ராத்திரி டிபனுக்குத் தாளிக்கிற வாசனை மாடிப்படி ஏறி நம் ஆபீசுக்குள் வந்துவிட்டது. கடுகும் கறிவேப்பிலையும். இந்த வாசனை வந்தால் போதும், நீ கீபோர்டைத் தள்ளிவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பாய். ஊரே மாலை டீயைத் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் உனக்கு ராத்திரிச் சாப்பாடு. இன்றைக்கும் வாசனை வந்ததும் என் கை தானாக மேஜையில் கிடந்த காகிதங்களை ஒதுக்கி உனக்கு இடம் செய்தது. செய்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அழவில்லை, நம்பு. உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்பது உங்கள் ஜைனக் குடும்பத்து வழக்கம். போளூர்ப் பக்கத்து உன் ஊரில் அது யாரும் எடுத்துப் பேசாத சாதாரண விஷயம். நீ அதைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தாய் பார், அதுதான் கூத்து. நாம் தொழில் தொடங்கிய புதிதிலேயே சொல்லிவிட்டாய்: “இருட்டினதுக்கப்புறம் சாப்பாடும் இல்ல, சர்வரும் இல்ல.” சர்வர் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் ஊர் அடங்கினபிறகுதான் அதில் கை வைப்பார்கள். நீ மட்டும் பட்டப்பகலில் வைப்பாய். களைத்த கண்ணோடு தொட்டால் தப்பு வரும், தப்பு வந்தால் கேட்க யாரும் முழித்திருக்க மாட்டார்கள் என்பது உன் வாதம். நான் சும்மா விடுவேனா? சூரியன் மலைக்குப் பின்னால் போனாலே பொழுது சாய்ந்த கணக்கா, இல்லை அடிஅண்ணாமலைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சாய்கிறவரை காத்திருக்கலாமா என்று சீண்டுவேன். நீ வாயில் சோற்றோடு சுவரிலிருந்த பஞ்சாங்கக் காலண்டரைக் கைகாட்டுவாய்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஆளுக்கொரு பக்கம் சென்னையில் வேலை பார்த்துக் கல்யாணமாகித் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த மாடி அறையைப் பிடித்தோம். லாட்ஜுகளுக்கும், செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் இருக்கிற விடுதிகளுக்கும் அறை பதிவு செய்கிற இணையதளங்கள் நம் வேலை. வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் புரோகிராம் எழுதுவதும் என் பாடு. சர்வர் முழுக்க உன் ராஜ்ஜியம். அதுவும் சொந்த சர்வரா என்றால் இல்லை. மும்பையில் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஓடுகிற கம்ப்யூட்டர்களில் நமக்கென்று இடம் வாடகைக்கு எடுத்து, அதில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் மென்பொருளைப் போட்டு ஓட்டினோம். நம் முதல் வாடிக்கையாளரான லாட்ஜ் மேனேஜர் அதைக் கேள்விப்பட்டுச் சந்தேகப்பட்டார். சும்மா கிடைக்கிற பொருள் எப்படியம்மா உருப்படியாக இருக்கும் என்று கேட்டார். நீ அமைதியாகச் சொன்னாய்: “சும்மா கெடைக்குதுன்னு எடுக்கல சார். தெறந்து கெடக்கு, அதான். உள்ள இன்னா இருக்குதுன்னு நானே பாத்துக்கலாம். யாரையும் கேக்க வேணாம்.” அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, உன் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

சர்வர்கள் எட்டானபோது பெயர் வைக்க வேண்டி வந்தது. கிரிவலப் பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களின் பெயரை வைக்கலாம் என்று சொன்னது, கோயிலுக்கே போகாத நீதான். இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம். இந்த ஊரில் எல்லோருக்கும் வரிசை பிசகாமல் தெரிந்த பட்டியல் வேறு எது என்று கேட்டாய். நியாயம்தான். ஆனால் அதே மேனேஜர் ஒருநாள் ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது தன் லாட்ஜ் யமனில் ஓடுவதைத் திரையில் பார்த்துவிட்டார். மனுஷன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “யமன்லயா வச்சிருக்கீங்க நம்ம லாட்ஜ? வேணாம்மா. குபேரனுக்கு மாத்திடுங்க.” மற்றவர்கள் காதுக்கும் விஷயம் போய், எல்லோருக்கும் குபேரன்தான் வேண்டுமென்று ஆகிவிட்டது. குபேரனில் கூட்டம் ஜாஸ்தி, யமனில் ஆளே இல்லை. கடைசியில் நம் சொந்த இணையதளத்தையே யமனில் குடிவைத்தாய். அவன் நம்மை ஒன்றும் செய்ய மாட்டான் என்று சிரித்தாய். அதை நினைத்தால் இப்போது ஒரு கணம் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் சிரிப்பும் கூடவே வருகிறது.

உன் பொழுது சாய்கிற சட்டம் ஒருமுறை நம்மையே கவிழ்த்தது. சர்வர்கள் வாரம் ஒருமுறை தாமாகவே அப்டேட் போட்டுக்கொண்டு ஒருமுறை அணைந்து எழ வேண்டும் என்று வைத்தாய். நேரம் மாலை ஐந்தரை. உன் சாப்பாட்டு நேரத்திலேயே அவையும் முடித்துக்கொள்ளட்டும் என்று. ஆனால் வாடகைக்கு வருகிற சர்வரின் கடிகாரம் லண்டன் பக்கத்து நேரத்தில் ஓடும், அதை ஊர் நேரத்துக்கு மாற்ற மறந்துவிட்டாய். அங்கே ஐந்தரை ஆகும்போது இங்கே ராத்திரி பதினொன்று. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்கள் கால்வலியோடு அறை தேடுகிற நேரத்தில் எட்டு லிங்கமும் ஒன்றாகக் கண்ணை மூடித் திறந்திருக்கின்றன. சில நிமிஷம்தான். காலையில் லாட்ஜுக்காரர்களின் புகாரை எல்லாம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டு உன்னிடம் வந்து கத்தினேன். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “நான் பொழுதோட சாப்ட்டேன்டி. அதுங்க பதினோரு மணிக்கு சாப்ட்டிருக்குதுங்க.” எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்றே எல்லாக் கடிகாரத்தையும் நம் ஊர் நேரத்துக்குத் திருப்பினாய். ஒவ்வொரு லாட்ஜுக்கும் நீயே போன் போட்டு, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னாய்.

உன் இன்னொரு பாடம் லாட்ஜிலிருந்தே வந்தது. வாடகை சர்வரை லாட்ஜ் அறை மாதிரி நினைக்க வேண்டும் என்பாய். கொடியில் துணி காயப்போடலாம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கையால் போகிற போக்கில் எதையும் மாற்றிவைக்கக் கூடாது. சர்வரில் என்னென்ன இருக்க வேண்டுமோ அத்தனையையும் ஒரு ஸ்கிரிப்டில் வரிவரியாக எழுதிவைத்து, அதை ஓட்டினால் புது சர்வர் அப்படியே எழுந்து நிற்க வேண்டும். அந்த ஸ்கிரிப்டின் தலையில் இரண்டு பெயர் இருக்கும், சர்வருக்குள் நுழைய அனுமதி உள்ளவர்கள் என்று. உன் பெயர், அடுத்து என் பெயர்.

உடம்பு முடியாமல் நீ படுத்துவிட்டபோது நான் தினமும் சாயங்காலம் வருவேன். உன் உடம்பைப் பற்றிப் பேச விடமாட்டாய். அப்டேட் சரியாக ஏறியதா என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள் நான் பொறுக்காமல், நீ இல்லாமல் இதெல்லாம் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டேன். நீ உடனே சொன்னாய்: “நான் இல்லன்னா நிக்கக் கூடாதுடி. நின்னுச்சுன்னா, நான் ஒழுங்கா கட்டலன்னு அர்த்தம்.” ஆறுதல் சொல்கிற ஆளே இல்லை நீ. எனக்கு அன்றைக்கு அது கோபமாகத்தான் இருந்தது.

நீ போனபின் எதுவும் நிற்கவில்லை. பௌர்ணமிகள் வந்தன, போயின. ஆனால் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. நம் லினக்ஸ் பதிப்புக்கு வயதாகிவிட்டது. இந்தக் கார்த்திகைத் தீபத்தோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிடும் என்று அறிவித்துவிட்டார்கள். தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வருமே, அதற்குள் எட்டையும் இடித்து, புதுப் பதிப்பில் கட்ட வேண்டும். இதுவரை நீ செய்ய நான் பார்த்ததுதான், தனியாகச் செய்ததில்லை. பழையதையே ஓட்டிக்கொண்டு போனால் எவனாவது உள்ளே புகுந்து, நம்பி வந்தவர்களின் விவரத்தை அள்ளிக்கொண்டு போவான். தெரிந்தும் நான் தள்ளிப்போட்டேன். வேலை கஷ்டம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. புதிதாகக் கட்டும்போது அந்த முதல் பெயரை எடுத்தாக வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் அனுமதி ஒருநாள்கூட உள்ளே இருக்கக் கூடாது என்று, நம்மிடம் சில மாதம் இருந்துவிட்டுப் போன பெண்ணின் பெயரை அன்றைக்கே நீக்கியது நீதான். உன் சட்டத்தை உனக்கே போட என் கை வரவில்லை.

போன வாரம் மேனேஜர் போன் செய்தார். தீபத்துக்கு அறைகள் திறக்கலாமா, சர்வர் தாங்குமா என்று கேட்டார். முன்பெல்லாம் உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பேன். இந்த முறை தாங்கும் சார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு வேலை செய்துதானே ஆக வேண்டும்.

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தேன். ஸ்கிரிப்டைத் திறந்தேன். உன் பெயர் இருந்த வரியைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ ஆறிப்போனது. பிறகு அழித்தேன். உறுதிதானா என்றுகூடக் கேட்காமல் வரி போய்விட்டது. வெறிச்சென்று இருந்தது, மறைக்க மாட்டேன். அதற்குப்பின் இந்திரனில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு படியிலும் மனதுக்குள் உன்னைக் கேட்டேன். முதலில் பிரதி எடுக்கட்டுமா? எடு. பழையதை இப்போதே அணைக்கட்டுமா? புதியது சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அணை, அவசரப்படாதே. அக்னியில் தகவல்தளம் முரண்டு பிடித்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் இணையத்தில் வழி சொன்னார். சரியானதும் நன்றியோடு முழு விவரத்தையும் அங்கேயே எழுதிவைத்தேன், நீ எழுதுவதுபோலவே. தினம் ஒன்று, சில நாள் இரண்டு. யமன் சமர்த்தாக எழுந்தான். குபேரனுக்குத்தான் அரைநாள் பிடித்தது, ஊர் லாட்ஜெல்லாம் அங்கேதானே இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

இன்று ஈசான்யம். மத்தியானம் பிரதி எடுத்தேன், புதியதை எழுப்பினேன், சோதித்தேன், பழையதை அணைத்தேன். நடுவில் மேனேஜரிடம் போனில் பேசினேன். கீழே போய் வெற்றிலை வாங்கி வந்தேன். எல்லாம் முடிந்து முதுகை நிமிர்த்தியபோதுதான் உறைத்தது. ஈசான்யத்துக்கு நான் உன்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க மறந்தே போயிருந்தேன்.

நான் சொல்ல வந்த நல்ல சேதி இதுதான்.